பூந்திக்கொட்டைத் தண்ணீரும் புளித்த வாடையும்

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். குழந்தையைத் தூக்குகிறவர்கள் கை கழுவாமல் தொடக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை சோப்புப் போட்டு என் கை வறண்டு வெடித்துவிட்டது. பூந்திக்கொட்டையும் வேப்பிலையும் கொதிக்க வைத்து 2 லிட்டர் எடுத்து, கொல்லைக் குழாயடியில் பாட்டிலில் வைத்தேன். கிருமியெல்லாம் ஓடிவிடும் என்று எனக்கு ஒரே பெருமை!

எட்டாம் நாள் மாமியார் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "ஏம்மா, புளிச்ச வாடை அடிக்குதே! இதுல கை கழுவிட்டா பிள்ளையைத் தூக்குறே?" என்றார். மேலே ஏடு மாதிரி படிந்திருந்தது. எனக்குத் திக்கென்றது. நல்ல வேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. "நாங்க தலைக்குக் குளிக்க அன்னன்னிக்குத்தான் ஊற வைப்போம்" என்றார் அத்தை.

அவர் சொன்னது எவ்வளவு சரி! கடைச் சோப்புத் திரவத்தில் கெடாமலிருக்க மருந்து சேர்க்கிறார்கள். நம்முடையது வெறும் காய்ச்சாறு. வெளியில் வைத்தால் ரசம் ஊசுவது போல இதுவும் ஊசும். கிருமியை விரட்டச் செய்ததிலேயே கிருமி வளரும்.

இப்போது நான் செய்யும் முறை இது:

பூந்திக்கொட்டை 12 எடுத்து, தட்டி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை நீக்குங்கள். நுரை வருவது தோலில்தான். அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறட்டும். காலையில் ஒரு பிடி வேப்பிலையைக் கழுவிப் போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் 20 நிமிஷம் சின்னத் தீயில் கொதிக்க விடுங்கள். ஆறியதும் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வெந்நீரில் கழுவிக் காய வைத்த பாட்டிலில் ஊற்றுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டில் மேல் பெயரெழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் குடித்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும்.

பட்டுப்புடவை அலச, நகை கழுவ, தலைக்குத் தேய்க்க, அடுப்படியில் கை கழுவ இது அருமையானது. ஆனால் கைக்குழந்தையைத் தூக்கும் முன்பும், கக்கூஸ் போய் வந்த பின்பும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் சாதாரண சோப்பையே எடுங்கள். வேப்பிலைக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டுதான். ஆனால் நாம் காய்ச்சிய தண்ணீரில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எதை வைத்து அளப்பது?

அதற்காக 'கிருமிநாசினி' என்று அச்சடித்த சோப்பைத் தேடி ஓடவும் வேண்டாம். 2016-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை, டிரைக்ளோசான் உள்பட 19 மருந்துப் பொருள்கள் சேர்த்த சோப்புகளை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சாதாரண சோப்பை விட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது ஒரு காரணம். அழுக்கோடு கிருமியையும் கழற்றிவிடுவது நுரையும், தேய்ப்பும், ஓடுகிற தண்ணீரும்தான். விரலிடுக்கு, நகக்கண், புறங்கை என்று 20 விநாடியாவது தேய்க்க வேண்டும்.

கை வெடிப்புக்கு? ஈரம் துடைத்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு வாரத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் இல்லையா, சகோதரிகளே!