ஆடைத் தொழிலில் வேலையா? பேட்டிக்கு எந்த உடை?

திருப்பூரில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தாய் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது அவருடைய வேலை.

மகள் ஆடை வடிவமைப்புப் படித்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்து நேர்முகப் பேட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது.

வீட்டில் மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலை.

"பெரிய கம்பெனி அம்மா! எல்லோரும் கோட்டு, பேண்ட் போட்டுக்கொண்டு வருவார்களாம். 6 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்கிறாள் மகள்.

"வட்டிக்கு வாங்கலாம் கண்ணு. வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம்" என்கிறார் தாய்.

கடன் வாங்க வேண்டுமா?

வேண்டியதே இல்லை!

உடை பேசும்

வங்கி வேலைக்குப் போகிறவர் சுத்தமாக உடுத்திக்கொண்டு போனால் போதும். அவருடைய சட்டையைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆடைத் தொழில் அப்படி அல்ல. அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களுக்குத் துணிதான் பிழைப்பு. கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அவர்கள் கண் உடையின் மேல் விழும். வாய் திறக்கும் முன்பே உடை பேசிவிடும்.

ஆனால் அவர்கள் பார்ப்பது விலையை அல்ல. தையல் நேராக இருக்கிறதா? தோள் பொருந்துகிறதா? உடுத்தியவருக்குத் துணியைப் பற்றித் தெரியுமா? இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது பழமொழி. ஆடைத் தொழிலுக்குப் போகிறவர் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய துணியைப் பற்றித் தெரிந்துகொள்!

உள்ளாடைத் துணி உயர்ந்த கதை

விலை மலிந்த துணி என்று எதையும் தள்ளிவிட முடியாது. இதற்கு ஆடைத் தொழிலின் வரலாறே சாட்சி.

பிரான்ஸ் நாட்டில் 1883-ல் பிறந்தவர் கேப்ரியல் ஷனேல். ஏழை வீட்டுப் பெண். தாய் இறந்த பிறகு அநாதை விடுதியில் வளர்ந்தார். தையல் கற்றார். பிறகு பாரிஸ் நகரில் தொப்பிக் கடை வைத்தார்.

அந்தக் காலத்தில் 'ஜெர்சி' என்ற பின்னல் துணியை ஆண்களின் உள்ளாடைக்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். 1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஷனேல் அந்த ஜெர்சித் துணியை எடுத்துப் பெண்களுக்கு மேலாடை தைத்தார். பணக்காரச் சீமாட்டிகள் அதை விரும்பி வாங்கினார்கள்!

திருப்பூரில் பனியனுக்குப் பின்னப்படும் துணிக்கும் இன்று அதே பெயர்தான். 'சிங்கிள் ஜெர்சி' என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கைலித் துணியும் இப்படி உயர்ந்ததுதான். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கட்டம் போட்ட இந்தப் பருத்தித் துணியில் சட்டை தைத்து அணிந்தார்கள். சென்னைப் பட்டணத்தின் பெயரால் அதற்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். துவைத்தால் சாயம் போகும். அந்தக் குறையையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்றார்கள்!

உள்ளாடைத் துணியும் கைலித் துணியும் உயர்ந்தது விலையினால் அல்ல. துணியின் குணம் தெரிந்தவர் கையில் கிடைத்ததினால்தான்.

எந்த வேலைக்கு எந்த உடை?

ஆடைத் தொழில் என்பது ஒரே வேலை அல்ல. வேலைக்குத் தக்கபடி உடையும் மாறும்.

வடிவமைப்பாளர் வேலையா? உடலில் ஒன்றாவது சொந்தக் கைவேலையாக இருக்கட்டும். தானே வெட்டித் தைத்த ரவிக்கை, தானே சாயம் போட்ட துப்பட்டா, தானே பூவேலை செய்த சட்டைக் காலர், எதுவானாலும் சரி. ஒன்று போதும். தலை முதல் கால் வரை வேடிக்கை காட்டினால் எதைப் பார்ப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மெர்சண்டைசர் வேலையா? வெளிநாட்டு வாங்குபவரோடும் பேச வேண்டும். தையல் கூடத்திலும் நடக்க வேண்டும். பருத்திச் சேலை, சுடிதார், முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும், இவற்றில் எது பழக்கமோ அது நல்லது. பேட்டியின் நடுவே, "வாருங்கள், தொழிற்சாலையைப் பார்க்கலாம்" என்று அழைத்தாலும் அழைப்பார்கள். தொங்கும் துப்பட்டா இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். வழுக்கும் செருப்பு வேண்டாம்.

தரம் பார்க்கும் வேலையா? முதலில் சொந்தச் சட்டையின் தரத்தைப் பாருங்கள். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருக்கிறதா? பொத்தான் ஆடுகிறதா? பிசிறு தொங்குகிறதா? ஊரார் சட்டையில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறவர் தன் சட்டையில் குற்றத்தோடு போகலாமா?

விளம்பர மாடல் வேலையா? அங்கே ஆளைப் பார்ப்பார்கள். படம் போடாத, உடலோடு பொருந்திய எளிய உடை போதும். முகப்பூச்சு மிகக் குறைவாக இருக்கட்டும். முடி முகத்தை மறைக்க வேண்டாம்.

எந்த வேலையானாலும் ஒன்றை மறக்காதீர்கள். போட்டிக் கம்பெனியின் பெயரை மார்பில் பெரிதாக எழுதிய சட்டையோடு போகாதீர்கள்! முன்கூட்டியே அந்த நிறுவனம் என்ன தைக்கிறது என்று கடையிலோ கைப்பேசியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை உடை தைக்கும் நிறுவனம் வேறு. விளையாட்டு உடை தைக்கும் நிறுவனம் வேறு.

கேட்டால் சொல்லத் தெரியுமா?

"நீங்கள் உடுத்தியிருப்பது என்ன துணி?"

இந்தக் கேள்வி வந்தால் விழிக்கக் கூடாது.

ஆடையின் உள்பக்கம் பக்கத் தையலில் ஒரு சிறு துணிச்சீட்டு இருக்கும். பருத்தி எத்தனை சதவீதம், பாலியஸ்டர் எத்தனை சதவீதம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். முதல் நாளே படித்துக்கொள்ளுங்கள்.

பின்னல் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுவார்கள். அதை 100-ஆல் பெருக்குவார்கள். துண்டு 1.6 கிராம் இருந்தால் துணி 160 ஜி.எஸ்.எம். கணக்கு அவ்வளவுதான்!

தெருக்கோடி தையல்காரர் தைத்த சட்டையானாலும் வெட்கப்பட வேண்டாம். "இது கைத்தறித் துணி. இந்த இடத்தில் சுருக்கம் வைத்துத் தைக்கச் சொன்னேன். காரணம் இது" என்று சொல்ல முடிந்தால், 6 ஆயிரம் ரூபாய்க் கோட்டு அதற்கு ஈடாகாது.

முதல் நாள் இரவு

புது உடையைப் பேட்டி அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். ஒரு முறை துவைத்து உடுத்திப் பாருங்கள். உட்காருங்கள். நடங்கள். கையைத் தூக்குங்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

பஸ்ஸில் கசங்கும் என்றால் அரை மணி முன்னதாகப் போய் முகம் கழுவி, உடையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பையில் ஊசி, நூல், ஊக்கு இருக்கட்டும். வாசனைத் தைலம் குறைவாக இருக்கட்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை

பேட்டிக்கு அழைக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. "இந்த மாதிரி உடை போதும்" என்று அழைப்பிலேயே ஒரு வரி எழுதினால் என்ன? அந்த ஒரு வரி எத்தனையோ குடும்பங்களைக் கடனில் இருந்து காப்பாற்றும்.

உடையைப் பாருங்கள். அது உங்கள் தொழில். ஆனால் உடையின் விலையை வைத்து ஆளின் விலையைப் போடாதீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் துணி தெரியாது என்று நினைப்பது பெரிய தவறு. துணியின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்!

தாயின் கண்

மீண்டும் அந்தத் திருப்பூர் வீட்டுக்கு வருவோம்.

வட்டிக் கடைக்குப் போகவேண்டிய தாய் வீட்டிலேயே உட்காரட்டும். கல்லூரியில் மகள் தானே தைத்த பருத்திச் சுடிதாரை எடுக்கட்டும். உள்புறம் வெளியே திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

இத்தனை ஆண்டுகள் எத்தனை நாட்டுக்காரர்களின் சட்டைகளைப் பார்த்த கண் அது! கழுத்தில் ஒரு பிசிறு. வெட்டு. கைமடிப்பில் ஒரு தையல் விட்டிருக்கிறது. போடு. அதைவிடப் பெரிய தர ஆய்வாளர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்?

மகளுக்கு வேலை கிடைக்குமா? அது அவள் திறமையையும் அன்றைய போட்டியையும் பொறுத்தது.

கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வரும். கிடைக்காவிட்டால் அடுத்த பேட்டிக்கு அதே சுடிதார் இருக்கிறது. கட்டவேண்டிய வட்டி எதுவும் இல்லை!