கணினி மறுத்தால் காரணம் எழுதித் தரட்டும்

“தனி எண் வாங்கியாச்சா?” இரண்டு சம்சாரிகள் டீக்கடையில் சந்தித்தால் முன்பெல்லாம் மழையைப் பற்றித்தான் முதல் பேச்சு. 2025 தொடக்கத்தில் இருந்து எங்கள் சூலக்கரைப் பக்கம் இதுதான் முதல் பேச்சாகிவிட்டது. உழவர்களுக்கான தனித்துவ அடையாள எண். ஆதார், பட்டா, ஆதாரோடு இணைத்த செல்போன் மூன்றையும் முகாமுக்குக் கொண்டுபோனால் ஓ.டி.பி. வரும், பிறகு எண் வரும். பி.எம். கிசான் தவணை வேண்டுமானால் இது வேண்டும் என்றார்கள், எல்லோரும் போனோம். இந்த எண்ணை வைத்து நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று முகாமில் யாரும் விளக்கவில்லை.

அது ரகசியம் ஒன்றும் இல்லை. 2024 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,817 கோடி ரூபாய். அதன் முதுகெலும்பு ‘அக்ரிஸ்டாக்’. நம் வேளாண் துறை ‘வேளாண் அடுக்ககம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அதற்குள் மூன்று பேரேடுகள். ஒன்று, உழவர் யார் யார் என்ற பதிவு. இரண்டு, நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கிராம வரைபடம். மூன்று, அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர் என்ற பதிவு. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் கடன், காப்பீடு, நிவாரணம், மானியம், கொள்முதல் எல்லாவற்றுக்கும் கணினியே ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லிவிடும். செயற்கைக்கோள் படமும் செயற்கை நுண்ணறிவும் அதற்குக் கைகொடுக்கும்.

நான் கணினிக்கு எதிரி இல்லை. முப்பத்தாறு வருடம் பேங்கில் வேலை பார்த்தவன். 1984-லும் 1989-லும் ரங்கராஜன் குழு அறிக்கைகள் வந்தபோது சங்கத்தில் நடந்த வாக்குவாதங்களை எல்லாம் நேரில் பார்த்தவன். லெட்ஜரில் பேனாவால் எழுதிய காலம், லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த காலம், பிறகு எல்லாக் கிளைகளும் ஒரே கணினியில் இணைந்த காலம் என மூன்றிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். வரிசையில் நின்ற மக்களுக்கு அதனால் நன்மைதான். பட்டா நகலுக்கும் வில்லங்கத்துக்கும் எத்தனை நடை நடந்தோம்? இன்றைக்கு வீட்டில் இருந்தே இறக்கிக்கொள்கிறோம். கையில் எதையும் திணிக்க வேண்டியதில்லை. 2025 காரிப் பருவத்துக்கு 13 மாநிலங்களில் 3.8 கோடி உழவர்களுக்கு, பருவமழை எப்போது தொடங்கும் என்பதைச் செயற்கை நுண்ணறிவுக் கணிப்போடு செல்போனில் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இது நல்ல காரியம். எங்கள் கரிசலுக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர்; அதற்கும் இப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். மழையைச் சொல்வதில் தப்பானால் ஒரு விதைப்பு தள்ளிப்போகும். ‘நீ உழவனே இல்லை’ என்று சொல்வதில் தப்பானால்?

அந்தப் பேரேடுகளின் அடித்தளத்தைப் பார்ப்போம். உழவர் பதிவு நிற்பது பட்டாவின் மேல். நம் பட்டாக்களின் லட்சணம் தெரியாதவர் யார்? 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு விட்டுப்போனது என்று இன்னும் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் இருந்த தப்பு அப்படியே கணினிக்குள் ஏறிவிட்டது. காகிதத்தில் இருந்தவரை அது தப்பு, கணினியில் ஏறியதும் அதுவே ‘ஆவணம்’. கூட்டுப் பட்டாவில் ஏழு பேர், அதில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மும்பையில். பட்டா மாமனார் பெயரில், உழுவது மருமகள். புருஷன் பட்டாசு ஆலைக்குப் போக, களையெடுப்பதில் இருந்து கதிரறுப்பது வரை காட்டைப் பார்ப்பது பொம்பளைதான் என்ற குடும்பம் எங்கள் வட்டாரத்தில் எத்தனை! வாரத்துக்கு உழுகிறவர், வாய்வார்த்தைக் குத்தகைக்காரர் கதை கேட்கவே வேண்டாம். பி.எம். கிசானிலேயே 2019 முதல் அவர்களுக்கு இடம் இல்லை. இந்தப் பேரேடும் அவர்களை விட்டுவிட்டால், இனி எந்தத் திட்டத்திலும் அவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

மூன்றாவது பேரேடு, பயிர்ப் பதிவு. இயற்கை வேளாண்மை செய்கிற நமக்கு இதில்தான் பெரிய இடி. ஒவ்வொரு உட்பிரிவுக்கும் போய், நிலத்துக்குள் நின்று, செல்போனில் படம் எடுத்து, என்ன பயிர் என்று ஏற்ற வேண்டும். 2024 நவம்பரில் கிராம நிர்வாக அலுவலர்கள் இந்த வேலையை ஏற்க மறுத்ததால், வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பினார்கள். பாடம் படிக்க வேண்டிய பிள்ளைகள் மழைக்காலச் சேற்றில், பாம்புக்கு நடுவில் அலைந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை உட்பிரிவு என்று கணக்கு வைத்து ஓடும்போது என்ன பதிவாகும்?

என் மானாவாரிக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக் கடைசியில் விதைப்பு. குதிரைவாலி, ஊடே உளுந்தும் தட்டாம்பயறும், ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை, வரப்போரம் ஆமணக்கு. உளுந்து எழுபது நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்து குதிரைவாலி அறுவடை. துவரை மட்டும் தை தாண்டியும் நிற்கும். கார்த்திகையில் வந்து படம் எடுத்தால் குதிரைவாலி. மாசியில் வந்தால் துவரை, அதுவும் பாதிக்காடு தரிசு மாதிரித் தெரியும். எந்தப் படத்தை வைத்து என் விளைச்சலைச் சொல்வார்கள்? ஒரே பயிரை வரிசையாக நட்டு, ஒரே நாளில் அறுக்கிறவர் காடு செயற்கைக்கோளுக்குச் சுலபமாகப் புரியும். நம் காடு புரியாது. புரியாத காட்டைக் கணினி என்ன செய்யும்? புரிந்த மாதிரி ஒரு பெயரை எழுதிவைக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. என் பக்கத்துப் புஞ்சைக்காரர் போட்டது மக்காச்சோளம், காப்பீடு கட்டியதும் மக்காச்சோளத்துக்கு. பதிவில் ஏறியிருந்தது பருத்தி. அந்த வருடம் காய்ச்சலிலும் படைப்புழுவிலும் கதிர் பிடிக்கவில்லை. இழப்பீடு பட்டியலில் பெயர் இல்லை என்று விசாரிக்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: “சிஸ்டம் எடுக்கல.” எந்த சிஸ்டம், ஏன் எடுக்கவில்லை, யார் எடுக்க வைப்பார்கள்? மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். கடைசியில், “விடுங்கண்ணே, ஒரு போக கூலி போச்சு” என்று நிறுத்திவிட்டார்.

பயிர்க் காப்பீட்டில் தொழில்நுட்பம் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. நெல், கோதுமைக்கு 2023 காரிப் பருவத்தில் இருந்து விளைச்சல் மதிப்பில் குறைந்தது 30 சதவீதம் தொலையுணர்வு மதிப்பீட்டில் இருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. மீதிக்குப் பழையபடி பயிர் அறுவடைப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையிலும் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது நம் கண் முன்னால் நடக்கும். கயிறு போட்டு அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். தராசு சரியில்லை என்று நாம் சத்தம் போடலாம். செயற்கைக்கோளோடு யார் சண்டை போடுவது?

ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி ஒன்று நடந்தது. அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று பார்க்க ஒரு தானியங்கி முறை கொண்டுவந்தார்கள். ‘ரோபோடெட்’ என்பது மக்கள் வைத்த பெயர். வரித்துறையிடம் இருந்த வருட வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் இவ்வளவு சம்பாதித்தாய் என்று கணினி தானே முடிவு செய்தது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் சும்மா என்று இருந்தவனும் வருடம் முழுக்கச் சம்பாதித்ததாகக் கணக்கு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலையில் இல்லாத கடனைக் கட்டினார்கள். 2019-ல் அது சட்டவிரோதம் என்று நீதிமன்றத்தில் அரசே ஒத்துக்கொண்டது, 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. சராசரியின் லட்சணம் கரிசல்காரனுக்குப் புதிதா? விருதுநகர் மாவட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை என்பார்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 65-க்கு மேல் வரும். அந்தக் கணக்கை நம்பிச் சித்திரையில் விதைப்பவன் உண்டா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துத் தெலங்கானாவில் கணினிப் பதிவுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, தகுதி இல்லை என்று ஏறக்குறைய 19 லட்சம் ரேஷன் கார்டுகளை ரத்து செய்தார்கள். வீடுவீடாகப் போய்ச் சரிபார்க்கும்படி 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

மனுஷன் இருந்தால் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். 2020-ல் இதே தமிழ்நாட்டில் பி.எம். கிசானில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத ஆட்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது. அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்து இடைத்தரகர்கள் செய்த வேலை. பேங்கில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: பதிவு போடுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அன்றைக்கே ஆடிட்டில் மாட்டுவான். அந்தத் திட்டத்தில் அது இல்லாமல் போனது. நாளைக்குப் படம் எடுப்பதும் கணினி, பயிரைச் சொல்வதும் கணினி, விளைச்சலைக் கணிப்பதும் கணினி, இழப்பீட்டை மறுப்பதும் கணினி என்றால், பதிவு போடுகிறவனும் சரிபார்க்கிறவனும் மறுபடி ஒரே ஆள்தான்.

பேங்கில் இருந்து இன்னொரு பழக்கத்தையும் அரசாங்கம் கடன் வாங்கலாம். ஒரு செக்கைத் திருப்பி அனுப்பினால் சும்மா அனுப்ப முடியாது. ரிட்டர்ன் மெமோ வைக்க வேண்டும். பணம் போதவில்லையா, கையெழுத்து மாறுகிறதா, தேதி தப்பா என்று காரணம் எழுத வேண்டும். ஐநூறு ரூபாய் செக்காக இருந்தாலும் இதுதான் முறை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் மேனேஜரிடம் சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கும் மேலே 1995-ல் இருந்து பேங்க் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஐநூறு ரூபாய் செக்குக்கு இருக்கிற மரியாதை ஒரு சம்சாரியின் வருட வெள்ளாமைக்கு வேண்டாமா? தவணை நின்றாலும், காப்பீடு மறுத்தாலும், தனி எண் நிராகரிக்கப்பட்டாலும் தமிழில் ஒரு தாள் வர வேண்டும். எந்தப் பதிவால் மறுப்பு, எந்தத் தேதியில் எடுத்த படம், யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில். கீழே ஒரு அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். ‘சிஸ்டம்’ என்று கையெழுத்துப் போடக் கூடாது.

இதற்குப் புதிதாகத் தத்துவம் தேட வேண்டியதும் இல்லை. 2020-லேயே தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்பு, பாகுபாடின்மை என்று அதில் நல்ல வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன. சென்னையில் அச்சடித்தது கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ் வரைக்கும் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆலோசனை சொல்லும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு என்ன செய்யலாம் என்று ஒரு செயலியில் தமிழிலேயே பேசிக் கேட்டேன். தமிழ் நன்றாகத்தான் இருந்தது. வரிசையாக மூன்று பூச்சிக்கொல்லிகளின் பெயரை, லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது வரை சொன்னது. வேப்பங்கொட்டைக் கரைசல் வேறு வழி கேட்டபிறகுதான் வந்தது, வரப்பில் தட்டாம்பயறு போடுவது வரவே இல்லை. அதற்கு ஊட்டியது எதுவோ அதைத்தான் அது கக்கும். நம் உழவர்களின் அனுபவம் அதற்குள் போக வேண்டுமா, போனால் யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே நம்மிடம் ஜமாபந்தி என்ற ஏற்பாடு உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கிராமக் கணக்குகளைத் தாலுகா ஆபீஸில் வைத்துத் தணிக்கை செய்வார்கள். நாளடைவில் அது மனு கொடுக்கும் திருவிழாவாகிவிட்டது. டிஜிட்டல் பயிர்ப் பதிவையும் தனி எண் பட்டியலையும் அங்கே தணிக்கைக்கு வைக்கச் சொல்லிக் கேட்போம். அதற்கு முன்னால் கிராம சபையில் உட்பிரிவு வாரியாக வாசிக்கட்டும். வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது; அதில் நவம்பர் 1-லும் ஜனவரி 26-லும் எங்கள் பக்கம் பயிர் காட்டிலேயே நிற்கும். “சர்வே நம்பர் இன்னதில் பருத்தி” என்று வாசித்ததும், “யோவ், அது துவரைய்யா” என்று சொல்ல நாலு பேர் அங்கே இருப்பார்கள். எந்த செயற்கைக்கோளை விடவும் மலிவான சரிபார்ப்பு இது.

நம் இயக்க நண்பர்கள் இந்தப் பசலியில் இருந்தே ஒரு வேலையைத் தொடங்கலாம். விதைத்த முப்பதாம் நாள், அறுபதாம் நாள், நூறாம் நாள் மூன்று தடவை, தேதியும் இடமும் பதிவாகிற மாதிரி உங்கள் காட்டைப் படம் எடுத்து வையுங்கள். கலப்புப் பயிர் என்றால் எது எத்தனை சால் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். 1435-ஆம் பசலிக்கு உங்கள் சர்வே எண்ணில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று அடங்கல் நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். மாறி இருந்தால் நகலை மாவட்டப் பொறுப்பாளரிடம் சேருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் சேர்வதை ஒரு பட்டியலாக்கிக் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அது சூலக்கரையில் இருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.