தோண்டுவதற்கு முன் பார்க்க வேண்டாமா?



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலம் வருகிறது. கற்கருவிகள், குகை வாழ்க்கை, லெங்கோங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட பேராக் மனிதன் என்று பாடம் நகரும். சில வாரங்களுக்கு முன் அதனை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்க அப்பா மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறார். அவர் தோண்டும்போதும் இப்படி எலும்பு கிடைக்குமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் உடனே வரவில்லை.

தேர்ச்சி அறிக்கை பெறும் நாளில் அவனுடைய தந்தையைச் சந்தித்தேன். மலையோர ஓடை ஒன்றில் சிறிய நீர்மின் திட்டத்திற்குப் பாதை வெட்டிக் குழாய் பதிக்கும் பணியில் இருப்பதாகச் சொன்னார். மகன் கேட்டதை அவரிடமே கேட்டேன். "சார், பானை ஓடு மாதிரி ஏதாவது வரும்தான். நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா யாரு சம்பளம் கொடுப்பா? வெளியில சொன்னா வேலை நின்னுடும். வேலை நின்னா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது எங்களைத்தான்" என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாட்கூலியை நம்பி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். ஆனால் அந்த விடை என்னை விட்டு அகலவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பண்பாட்டு மதிப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும். அதாவது, ஒரு நாட்டின் தொன்மையைக் காக்கும் பொறுப்பு, இயந்திரத்தின் இருக்கையில் அமர்ந்திருக்கும் அந்த மனிதரின் கண்ணிலும் மனச்சான்றிலும் போய் நிற்கிறது. அவருக்கு முன்னால் அந்த நிலத்தை யாரேனும் நடந்து பார்த்திருக்க வேண்டாமா?

இங்கே ஒரு சிறு குறிப்பு. 'சிறு நீர்மின் திட்டம்' என்று எழுதும்போது இடைவெளியைச் சரியாக விட வேண்டும். கரும்பலகையில் நான் கொஞ்சம் நெருக்கி எழுதிவிட்டேன். வகுப்பை அமைதிப்படுத்தப் பத்து நிமிடம் ஆனது. ஆகவே இனி 'சிறுபுனல் மின்திட்டம்' என்றே எழுதுகிறேன்.

சிறுபுனல் மின்திட்டம் என்றால் பெரிய அணை இராது. ஓடையின் மேற்பகுதியில் ஒரு தாழ்ந்த தடுப்பணை. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு கால்வாய் அல்லது குழாய். பிறகு செங்குத்தாக இறங்கும் அழுத்தக் குழாய். கீழே சுழலியும் மின்னாக்கியும் உள்ள ஒரு கட்டடம். அங்கிருந்து நீர் மீண்டும் ஓடைக்கே திரும்பிவிடும். காடு மூழ்காது, ஊர் பெயராது. 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்திற்குப் பின், 30 மெகாவாட் வரையிலான இத்தகைய திட்டங்களுக்கு ஊக்கமும் கிடைத்தது. நல்ல திட்டம்தான். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்னாக்கி நின்றுவிடும். வீட்டுப்பாடத்தை மண்ணெண்ணெய் விளக்கில் முடித்தவன் நான். உள்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 'நீர் தேங்காது, ஆகவே எதுவும் அழியாது' என்று நினைப்பது தவறு. மின்நிலையக் கட்டடத்திற்கு என்ன வேண்டும்? ஓடைக்கு அருகே, வெள்ளம் ஏறாத, சமமான மேட்டுநிலம் வேண்டும். பழைய மனிதன் குடிசை போடவும் கல் செதுக்கவும் இறந்தவரைப் புதைக்கவும் தேடியதும் அதே நிலத்தைத்தான். கால்வாய் சரிவின் குறுக்கே போகிறது. பழைய நடைபாதைகளும் அப்படியே. இவற்றைவிட மண்ணை அதிகம் புரட்டுவது, இயந்திரங்களை மேலே கொண்டுபோக வெட்டும் சாலை. வரைபடத்தில் அது மெல்லிய கோடு. மலையில் அது முழு வெட்டு.

கெடாவில் செராய் மலையடிவாரத்திற்குச் சென்றிருப்பீர்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்தின் அருகில், சலசலத்து இறங்கும் ஓடையின் கரையில் நிற்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலாஸ்டேர் லாம் அகழ்ந்து, அதே இடத்தில் மீட்டெடுத்த கோயில் அது. ஒரு பொறியாளரின் கண்ணால் அவ்விடத்தைப் பாருங்கள். வேகமாக இறங்கும் நீர், அருகில் சமநிலம். சிறுபுனல் மின்திட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? அந்தக் கோயில் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பத்து பகாட்' என்றால் மலாயில் செதுக்கிய கல் என்று பொருள். அகழ்வதற்கு முன்பே அந்த ஊர்ப்பெயர் வாய் திறந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையா என்பதைப் பெரும்பாலும் அளவு முடிவு செய்கிறது. 1987ஆம் ஆண்டு ஆணை, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணை, 400 எக்டருக்கு மேற்பட்ட நீர்த்தேக்கம் என்று வகுத்தது. 2015இல் புதிய ஆணை வந்தது. அளவுகோல் என்னும் முறை போகவில்லை. காற்றுக்கும் நீருக்கும் அது ஓரளவு பொருந்தலாம். புதைகுழிக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டு மீட்டர் அகலக் கால்வாய் ஓர் எலும்புக்கூட்டின் நடுவே போனால், சிறிய திட்டம் என்பதற்காக அது பாதிதான் உடையுமா?

பெரிய திட்டங்களில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பேராக் ஆற்றில் சென்டெரோ அணை 1930இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில் காலிங்ஸ் கற்கருவிகளை அகழ்ந்தது 1938இல். எட்டு ஆண்டுகள் பிந்தி! லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் உலக மரபுடைமையானது. நீருக்கடியில் போன பகுதியை அகழ்ந்து பார்க்கும் வாய்ப்பு மட்டும் இனி இல்லை. மற்றொன்று கிளந்தானின் நெங்கிரி. 300 மெகாவாட் அணைத் திட்டம். நீர் நிறைவதற்கு முன் 2023, 2024ஆம் ஆண்டுகளில் குவா கெலெடுங் கெச்சில் உள்ளிட்ட குகைகளில் மீட்பு அகழாய்வு நடந்தது. வரலாற்றுக்கு முந்தைய மனிதர்களின் 16 எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பாராட்டத்தக்க பணி. ஆயினும் அணை என்று முடிவான பிறகு நடந்த பணி அது. அங்கே கேள்வி 'எதை எடுக்கலாம்' என்பதுதான். 'எங்கே கட்டலாம்' என்பதன்று.

சிறிய திட்டத்தின் பெருமையே இங்குதான் இருக்கிறது. பேரணையை நகர்த்த முடியாது. குழாயை முப்பது மீட்டர் தள்ளிப் போடலாம். சாலையை வேறு சரிவில் வளைக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் தப்பிக்க வழி உண்டு. குழாய் வந்து இறங்கிய பின் தெரிந்தால் எவருக்கும் மனம் வராது.

என்ன செய்ய வேண்டும்? முதலில் பழைய வரைபடங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்ட வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கை 1936, 1937ஆம் ஆண்டுகளிலேயே குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ந்து எழுதினார். அத்தகைய ஏடுகள் நூலகங்களில் உள்ளன. பிறகு, குழாயும் சாலையும் போகும் கோட்டை ஒரு தொல்லியலாளர் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். ஐயமுள்ள இடங்களில் சிறு சோதனைக் குழிகள். ஒதுங்கிப் போக வழியே இல்லாத இடத்தில் மட்டும் முறையான அகழாய்வு. கட்டும்போது, மண் புரட்டும் நாள்களில் அறிந்த ஒருவர் உடனிருத்தல். ஏதேனும் கிடைத்து வேலை நின்றால், ஓட்டுநரின் கூலி நிற்காது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி. இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினேன் என்றாலும் தவறில்லை.

ஊராரைக் கேட்பதையும் சேர்க்க வேண்டும். சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் 'பெருப்புன்' என்னும் கற்குவியல்கள் உள்ளன. வாரிசின்றி இறந்தவரின் உடைமைகளை, உறவினர் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கல்லடுக்கி மூடி வைத்தார்களாம். ஊராருக்கு அது நினைவுச்சின்னம். வெளியிலிருந்து வரும் குத்தகைக்காரருக்கோ, தடுப்பணை கட்டக் கையருகே கிடக்கும் நல்ல கல்! அவ்வூர் முதியவர் ஒருவரிடம் ஒரு நாள் பேசினால் தெரிந்துவிடும் செய்தி இது.

பதிவில் இருந்தாலே காப்பு என்றும் எண்ண வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டதே. தனியார் நிலத்தில் இருந்தது, அரசிதழில் வரவில்லை. வீடமைப்புத் திட்டத்திற்காக இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளியானபோது நம்மவர் பலர் கொதித்தோம். கடாரம் என்று மேடையில் முழங்குகிறோம் அல்லவா? ஆனால் நம் கோயில் என்பதற்காக மட்டும் கொதித்து, செமாய் மக்களின் புதைகுழி என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இதனை என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வளர்ந்த தோட்டம் இப்போது இல்லை. அதன் இடுகாட்டின் மீது ஒரு சாலை போகிறது. என் பாட்டியை அங்கேதான் புதைத்தோம். அந்த நிலத்தைத் துண்டாடியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களின் வரைபடத்தில் இடுகாடு இல்லை, அவ்வளவுதான். எங்களிடம் வந்து கேட்டிருந்தால், என் தந்தை விரல் நீட்டிக் காட்டியிருப்பார்.

மறுவாரம் அந்த மாணவன் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். ஒரு பக்கம் கூராக இருந்தது. செதுக்கியதா, ஆற்றில் உடைந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே எடுத்தது என்று கேட்டேன். "அப்பா லாரியில் கிடந்தது, ஐயா" என்றான். எந்த இடம், எவ்வளவு ஆழம், அருகில் வேறென்ன இருந்தது, எதுவும் தெரியாது. கல் இருக்கிறது; அது சொல்லியிருக்கக் கூடியது அந்தச் சரிவிலேயே போய்விட்டது.

இப்போது வகுப்பில் ஒரு சிறு பணி கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவரிடம், தாம் வாழும் இடத்தின் பழைய பெயரும், அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும் கேட்டு எழுதி வர வேண்டும். ஓடை, மேடு, பாறை, மரம் எதுவானாலும் சரி. முப்பத்திரண்டு மாணவர்களில் பதினொருவர் இதுவரை கொண்டுவந்துள்ளனர். மற்றவர்களுடையவும் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.