பட்டறை வெங்காயத்துக்கும் கடன் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். 10,000 நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-இல் தொடங்கியது. சேர்ந்து விற்றால் பேரம் பேசும் வலு வரும் என்பது உண்மை. ஆனால் அறுவடை நேரத்தில் சிறு விவசாயியின் கையில் காசு இருக்காது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

பெரம்பலூர் பக்கம் எங்களுக்குச் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. விதைக்காய், மருந்து, களையெடுக்கும் கூலி எல்லாவற்றுக்கும் முன்பணம் தருபவர் வியாபாரி. விளைந்ததை அவரிடமே போட வேண்டும்; விலையும் அவர் சொல்வதுதான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கூலி கொடுக்க வேண்டிய நாளில் பணத்தோடு வருகிறவர் அவர் ஒருவரே. எங்கள் ஊர்க் குழு மூலம் விற்றபோது கூடுதல் விலை கிடைத்தது. பணம் வர வாரக்கணக்கில் ஆனதால், அடுத்த போகத்தில் பலர் வியாபாரியிடமே திரும்பிவிட்டார்கள்.

நன்றாகக் காய்ந்த வெங்காயம் காற்றோட்டமான பட்டறையில் சில மாதம் தாங்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் தானியத்தை இருப்பு வைத்தால் பொருளீட்டுக் கடன் கிடைக்கிறது. அதே முறையில், உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொதுப் பட்டறையில் வைக்கும் வெங்காயத்துக்கும் கடன் தர அரசு வழி செய்ய வேண்டும். எடை போட்ட அன்றே மதிப்பில் பாதியாவது உறுப்பினரின் வங்கிக் கணக்கில் சேரட்டும். மீதியை விற்றபின் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெரம்பலூரிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்