வரிசையில் நிற்காத லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா என்று நம்மாட்கள் கேட்கிறார்கள். கூடவே ஒரு பயம்: "ஆன் பண்ணினால் கிளம்பவே ரொம்ப நேரம் ஆகுமாமே?"

அது பழைய கதைங்க. அப்போது இருந்தது சிஸ்டம் ஃபைவ் இனிட். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு எண். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நெட்வொர்க் கிடைக்கும்வரை, அதற்குச் சம்பந்தமே இல்லாத சேவையும் பின்னால் நிற்கும். எங்கள் பிராஞ்சில் ஸ்ட்ராங் ரூம் திறக்க இரண்டு சாவிக்காரர்களும் வரவேண்டும். கேஷ் கவுண்டர் அதற்குக் காத்திருப்பது நியாயம். பாஸ்புக் என்ட்ரி போடுகிறவர் ஏன் காத்திருக்கணும்?

இதை மாற்றத்தான் உபுண்டு 2006-இல் அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் லென்னார்ட் போய்ட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தார். 2011-இல் ஃபெடோரா 15, 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 எல்லாம் அதற்கு மாறின. ஒன்றையொன்று சாராத சேவைகள் இப்போது ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

ஒரே புரோகிராம் இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. டெபியனிலிருந்து டெவுவான் பிரிந்ததும் அதனால்தான். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் என் ஓட்டு சிஸ்டம்டிக்கே. வேகத்துக்காக மட்டும் இல்லை. 20-க்குப் பிறகு 30 என்று எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. இப்போது காரணத்தை எழுதியாகணும். 'ரிக்வயர்ஸ்' என்றால் அந்தச் சேவை தேவை. 'ஆஃப்டர்' என்றால் அதற்குப் பிறகு. முதலாவதை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே கிளம்பும். யார் யாருக்காகக் காத்திருக்கணும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் சேர்ந்து ஓட முடியும்.

அப்புறமும் மெதுவாக இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். 'சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம்' என்று அடித்தால் எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரும். அதில் முதலில் இருப்பதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது; மற்றவை அதற்காக நிற்காமல் போயிருக்கலாம். 'க்ரிட்டிக்கல்-செயின்' போட்டுப் பாருங்கள், யாரால் யார் நின்றார்கள் என்று தெரியும். தேவையில்லாத சேவைகளை நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அந்த முள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் படிக்கும். எஸ்எஸ்டி மாற்றுங்கள். புது மெஷினுக்கு இஎம்ஐ போடுவதை அப்புறம் யோசிக்கலாம்.