தேய்மானம்

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், வல்லநாட்டைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் என் சைக்கிளின் முன்சக்கர டயர் வெடித்தது. பஞ்சர் என்றால் காற்று மெல்ல இறங்கும், ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். இது வெடி. சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பவை, தார்ச்சாலையில் என் கன்னம் பதிந்திருந்ததும், துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு லாரி ஒன்று என் தலைக்கு மூன்றடி தள்ளிக் கடந்து போனதும்தான். வலது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சில நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த டயரின் பக்கவாட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு இருந்ததைப் பத்து நாட்களாகப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். தீபாவளி கழியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பார்த்தும் ஓட்டியதை விபத்து என்று சொல்ல இப்போது வாய் வரவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். இங்கே எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் நாற்பதைக் கடந்த பலர், மருத்துவர் சர்க்கரை அளவைக் காட்டி மிரட்டிய பிறகு, ரோடு பைக் எனப்படும், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட சைக்கிளை வாங்கியிருப்பதை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: டயரை எப்போது மாற்றுவது என்பதை நம்மில் பலர் டயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வளர்ந்த விதத்தை வைத்து முடிவு செய்கிறோம். புதிய டயரைத் தேர்ந்தெடுக்கும்போது நம் சாலையைப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியில் பார்த்த பந்தயக்காரனைப் பார்க்கிறோம். இரண்டுமே தவறு.

என் அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவருடைய சைக்கிளின் டயர் எங்காவது கிழிந்தால், உட்புறம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து மறுபடியும் ஓட்டுவார். அதுவும் தேறாது என்றான பிறகு டயர் எங்கள் கைக்கு வரும். குச்சியால் தட்டித் தெருவில் உருட்டுவோம். அந்தச் சிக்கனத்தில்தான் நான் முதுகலை வரை படித்தேன். எனவே ஒரு டயரைக் கடைசி நூல் தெரியும் வரை ஓட்டுவது எனக்குப் பெருமையாகவே இருந்தது. நண்பர்களிடம் கிலோமீட்டர்க் கணக்கைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நான் மறந்த செய்தி, அப்பாவின் டயர் வேறு, என் டயர் வேறு என்பது. அவருடையது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம், தடித்த ரப்பர், குறைந்த காற்று. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாத வேகம். டயர் பழுதானால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். என்னுடையது 25 மில்லிமீட்டர். அதற்குள் சதுர அங்குலத்துக்கு 95 பவுண்டு அழுத்தத்தில் காற்று. மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் ஓரிரு மில்லிமீட்டர்தான். இறக்கத்தில் வேகம் நாற்பதைத் தாண்டும். இரண்டு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு ஒரு தீப்பெட்டியின் முகப்பளவுகூட இராது. அந்தப் பரப்பை நம்பித்தான் லாரிகளுக்கு நடுவே போகிறோம்.

தேய்மானத்தை எப்படி அறிவது? முதலில் ஒரு தவறான அடையாளத்தை ஒதுக்கிவிட வேண்டும். கார், மோட்டார் சைக்கிள் டயர்களில் வரிப்பள்ளங்கள் மறைந்தால் மாற்ற வேண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. அந்தப் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றி, டயர் நீரின்மேல் மிதக்காமல் காக்கின்றன. ஆனால் ரோடு பைக் டயர் பிறவியிலேயே வழவழப்பானது. விமான டயர்களை ஆராய்ந்து நாசா தந்த சூத்திரத்தின்படி, 80 பவுண்டு அழுத்தமுள்ள டயர் நீரின்மேல் மிதக்க மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நாம் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆகவே வரிகள் அழிந்ததைக் கண்டு அஞ்ச வேண்டாம். வரிகள் இருப்பதைக் கண்டு நிம்மதி அடையவும் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை வேறு. புதிய டயரின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கும். ஓட ஓட நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகும். அந்தத் தட்டையின் இரு ஓரங்களிலும் விரலில் தட்டுப்படும் ஒரு விளிம்பு உண்டாகும். அது தெரிந்தால் டயர் தன் முதுமையை அறிவிக்கிறது என்று கொள்ளலாம். சில டயர்களில் இதற்கென்றே அடையாளம் உண்டு. கான்டினென்டல் நிறுவனத்தின் கிராண்ட் பிரி வரிசை டயர்களில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். காரணமின்றிப் பஞ்சர் கூடுவதும் ஓர் அறிகுறி. ரப்பர் மெலிந்ததால், முன்பு உள்ளே புகாத சிறு முள்ளும் இப்போது புகுகிறது.

மேற்சொன்னவற்றில் சில நாள் பொறுக்கலாம். பொறுக்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, ரப்பருக்கு அடியில் நூல் வெளித்தெரிவது. மற்றொன்று, எங்காவது புடைத்திருப்பது. டயரின் வலிமை ரப்பரில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நைலான் நூல் அடுக்கு. ரப்பர் அதன்மேல் ஏற்றிய பூச்சு. நூல்கள் அறுந்த இடத்தில் ட்யூப் வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதுவே புடைப்பு. பத்து நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வெடிக்குமா என்பதில் ஐயமே இல்லை. நாள் மட்டும்தான் தெரியாது.

இதற்குமுன் நான் செய்திருந்த இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். உடலின் பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குகிறது. மிதிக்கும் விசையும் அங்கேதான் போகிறது. எனவே பின் டயர் வெகு விரைவில் தேயும். தேய்ந்தபோது புதியதை வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டு, முன்னால் பழையதையே விட்டுவைத்தேன். எல்லோரும் செய்வதுதான். ஆனால் பின் டயர் வழுக்கினாலோ வெடித்தாலோ பெரும்பாலும் சமாளித்து நின்றுவிடலாம். முன் டயர் கைவிட்டால் விழுவதைத் தவிர வழியில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடி, சைக்கிளின் எல்லா உறுப்புகளைப் பற்றியும் இணையத்தில் எழுதிக் குவித்த ஷெல்டன் பிரவுன் 2008இல் மறைந்தார். அவர் சொன்ன முறை எளியது: பின் டயர் தேய்ந்தால் முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்று, புதியதை முன்னால் மாட்டு. நல்ல டயர் எப்போதும் முன்னால். இதைப் படித்திருந்தும் நான் செய்யவில்லை. டயரை இருமுறை கழற்றி மாட்டச் சோம்பல்.

இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆனால் மாற்று என்று கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே டயர் ஒருவருக்கு மூவாயிரமும் மற்றவருக்கு ஏழாயிரமும் ஓடலாம். ஓட்டுபவரின் எடை, சாலை, காற்றின் அளவு எல்லாம் அதில் அடங்கும். ஓடாமலே கெடும் டயரும் உண்டு. வெயிலும் ஓசோனும் ரப்பரை வறட்டிவிடும். பக்கச்சுவரில் சிலந்திவலை போல வெடிப்புகள் ஓடும். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் டயரை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

இனித் தேர்வு. முதலில் எண்களின் குழப்பம். எங்கள் ஊரில் டயர் கேட்டால் "இருபத்தெட்டுதானே சார்?" என்று ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அது அப்பாவின் சைக்கிளுக்கு உரியது. உட்கார வேண்டிய ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் ரிம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டில் டயர் நிற்காது. போதாக்குறைக்கு 622 அளவுக்கும் சிலர் 28 அங்குலம் என்று போடுகிறார்கள். 28 மில்லிமீட்டர் அகலம் என்று இன்னொரு 28 இருக்கிறது. ஆகவே மற்றவற்றை விட்டுவிட்டு, பக்கவாட்டில் 25-622, 28-622 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் படியுங்கள். முதலெண் அகலம், பின்னெண் ரிம்மின் அளவு.

அகலத்தில்தான் எனக்குச் சண்டை. இருபது ஆண்டுகளுக்கு முன் பந்தயக்காரர்கள் 23 மில்லிமீட்டர் டயரில் 120 பவுண்டு வரை காற்றடித்து ஓட்டினார்கள். மெல்லியதும் இறுகியதும் வேகம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இன்று அவர்களே 28, 30 என்று போய்விட்டார்கள். நம்மவர் மட்டும் இன்னும் கல்லாக இறுகக் காற்றடிக்கிறார்கள். காரணம் கடினமானதன்று. ஒரே அழுத்தத்தில் அகல டயரும் ஒடுங்கிய டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒடுங்கியதில் அது நீளவாக்கில் கிடக்கும், அகன்றதில் குறுகிக் கிடக்கும். குறுகினால் டயர் நசுங்குவது குறைவு, வீணாகும் ஆற்றலும் குறைவு. அதற்கும் மேல், கரடுமுரடான சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் நம்மைத் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலும் நம் கால்கள் தந்த ஆற்றல்தான். சொகுசும் வேகமும் பகை என்பது பழைய நம்பிக்கை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் காற்று டயரைச் செய்தார். 1888இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே அந்த ஊரில் வில்லி ஹியூம் என்பவர் அதை மாட்டிக்கொண்டு பந்தயங்களில் வென்றார்.

ஆகவே உங்கள் சைக்கிளின் பிரேக்கும் சட்டமும் இடம் தருமானால் 28க்குக் குறையாமல் வாங்குங்கள். பழைய சட்டங்களில் 25தான் நுழையும். அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும். எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள நான் இப்போது 28இல் பின்னால் 75, முன்னால் 68 பவுண்டு வைக்கிறேன்.

அடுத்தது நூல். அங்குலத்துக்கு இத்தனை நூல் என்று டயரில் எண் இருக்கும். நாற்பதாம் நம்பர் வேட்டிக்கும் நூறாம் நம்பர் வேட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் நயமாக நயமாக டயர் துவளும், ஓட்டம் மென்மையாகும். எளிதில் கிழியவும் செய்யும். சிலர் மூன்று அடுக்கின் நூலையும் கூட்டி 330 என்று போடுகிறார்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம்.

நம் சாலை ஓரத்தில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். சீமைக் கருவேல முள். குறுந்தொகை வகுப்பில் பூவாக வந்து மணலில் முள்ளாகக் கிடக்கும் நெருஞ்சி. இவை இரண்டையும்விடக் கொடியது, வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது; டயரில் தைத்துக்கொண்டு புதிய ட்யூப்பையும் குத்தும். ட்யூப் மாற்றும்போதெல்லாம் ஒரு துணியால் டயரின் உட்புறத்தைத் துடைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். இத்தகைய சாலையில், நடுவே அராமிட் போன்ற காப்பு அடுக்கு உள்ள டயரே நமக்கு உரியது. நூறு கிராம் எடை கூடும். கூடட்டும். நம் இடுப்பில் ஏறியிருப்பதைவிட அது குறைவு. பந்தய நாளுக்கென்று செய்த மெல்லிய டயர்களைப் பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். பின்னால் அவர்களுக்கு உதவி வண்டி வருகிறது.

தேய்ந்த டயர்தான் வேகமாக ஓடும் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். ரப்பர் மெலிந்தால் உருள்தடை சற்றுக் குறையும் என்பது மெய்தான். அந்தச் சிறு வேகத்துக்கு நான் தந்த விலையை அவருக்குக் காட்டினேன். விலை அதிகம் என்பது இன்னொரு வாதம். நல்ல இறக்குமதி டயர் ஒன்று நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய் ஆகிறது; எளிய தொகை அன்று. ஆனால் என் காறை எலும்பில் வைத்த தகட்டுக்கு மருத்துவமனை வாங்கிய பணத்தில் என் ஆயுள் முழுவதற்கும் டயர் வாங்கியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனையிலிருந்து வீடு வந்த மறுநாள் அப்பா, மூலையில் கிடந்த அந்த டயரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கிழிந்த இடத்தை விரலால் தடவினார். "ஏல, இதப் பாத்துக்கிட்டா ஓட்டுன?" என்றார். உங்களிடம் கற்ற சிக்கனம்தான் என்று நான் பாதி விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நான் சனிக்கிழமைதோறும் வண்டியக் கவுத்துப் போட்டு, சக்கரத்தச் சுத்திச் சுத்திப் பாப்பேன்லா. பாத்துட்டுத்தான துண்டு வைப்பேன்" என்றார்.

உண்மை. அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு நினைவிருக்கின்றன. திண்ணையோரம் கவிழ்ந்து கிடக்கும் சைக்கிளும், சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதன்மேல் குனிந்திருக்கும் அவர் தலையும். நான் அவரிடமிருந்து செலவழிக்காமல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், பார்ப்பதை விட்டுவிட்டேன். இப்போது சனிக்கிழமை மாலையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான். உங்கள் வண்டியை நீங்கள் கடைசியாக எப்போது கவிழ்த்துப் பார்த்தீர்கள்?