அடியில் பட்ட அடி

மனிதனுக்கு அடிபட்டால் கத்துகிறான். மாட்டுக்கு அடிபட்டால் நொண்டுகிறது. மோட்டார் காருக்கு வயிற்றில் அடிபட்டாலோ "டங்" என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். வண்டி முன்போலவே ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "ஒன்றுமில்லை, சின்னக் கல்!" என்கிறார் ஓட்டுகிறவர். "முருகா!" என்கிறாள் பாட்டி. பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இந்த "ஒன்றுமில்லை" என்னும் வார்த்தை எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் நஷ்டம் உண்டாக்கியிருக்கிறது என்பதைப் பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆகையால் இந்த வாரம் அந்த "ஒன்றுமில்லை"யைப் பற்றியே கொஞ்சம் விசாரிக்கலாம் என்று எண்ணுகிறேன்.

ரஸ்தாவில் கல் எப்படி வருகிறது? எங்கள் நைனார்பாளையம் சின்னசேலம் தாலுகாவைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் உதயமான கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும் தேசீயப் பெருவழி எங்கள் ஜில்லாவின் ஊடே தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று செல்லுகிறது. அதிலும், அதில் வந்து சேரும் கிராம ரஸ்தாக்களிலும் என்ன கிடக்கும் என்பது பருவத்தைப் பொறுத்த விஷயம். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் செல்லும் டிராக்டர்களிலிருந்து கழிகள் உதிர்ந்து கிடக்கும். மழைக் காலத்தில் கல்வராயன் மலைப் பாதையில் கல் தானாகவே உருண்டு வந்து படுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் அறுவடையானால் ரஸ்தாவே களமாகிவிடும். பாதி ரஸ்தாவில் தானியம் காயும். அதன்மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கற்கள் அணிவகுத்து நிற்கும். சாயங்காலம் தானியம் மூட்டையாகி வீட்டுக்குப் போய்விடும். கற்களை மாத்திரம் யாரும் வீட்டுக்கு அழைத்துப் போவதில்லை!

இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஒன்று உண்டு. மேட்டில் ஒரு லாரி பழுதாகி நிற்கும். அது பின்னால் உருளாமலிருக்க, கிளீனர் ஒரு கருங்கல்லைப் புரட்டி வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். பழுது நீங்கியதும் லாரி கிளம்பிவிடும். கறுப்பு ரஸ்தாவின் நடுவில், இருட்டில், கறுப்புக் கல் அடுத்த பிரயாணிக்காகக் காத்திருக்கும்.

இனி, ஐந்தாம் வகுப்புப் பையனும் போடக்கூடிய ஒரு கணக்கு. நம்முடைய சிறிய கார்களின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுமார் ஆறரை அங்குலம்; அதாவது 160 முதல் 170 மில்லிமீட்டர். ஐந்து பேர் ஏறி, பின்னால் ஒரு மூட்டை அரிசியும் வைத்தால் அதிலும் கொஞ்சம் குறைந்துவிடும். லாரிக்கு முட்டுக் கொடுக்கும் கல் எட்டு, ஒன்பது அங்குலம் இருப்பது சகஜம். கழித்துப் பார்த்தால் மிச்சம் வருவது என்ன? "டங்" என்ற சப்தந்தான்.

ஆகவே, "கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம்" என்னும் சாமர்த்தியம் செங்கல்லுக்குச் செல்லும், கருங்கல்லுக்குச் செல்லாது. சட்டென்று ஸ்டீரிங்கைத் திருப்புவதோ அதைவிட ஆபத்து. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம். நேராகப் பிடித்தபடி வேகத்தைக் குறைப்பதே நல்லது. இருபது மைல் வேகத்தில் பட்டால் நசுங்கி நிற்கக்கூடிய தகடு, ஐம்பது மைல் வேகத்தில் பட்டால் கிழிந்துவிடும்.

* * *

சரி, பட்டுவிட்டது. பிறகு?

முதலில், பத்திரமான ஓரம் பார்த்து வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஏன் என்று அறிய, வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினுக்கு அடியில் "சம்ப்" என்று ஒரு தட்டையான பாத்திரம் இருக்கிறது. சிறிய கார்களில் அதில் சுமார் மூன்று லிட்டர் ஆயில் நிற்கும். அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி எஞ்சின் முழுவதும் அனுப்புகிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை சுழலும் இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பது அந்த ஆயிலின் மெல்லிய படலந்தான். சம்ப் கிழிந்தால் மூன்று லிட்டரும் சில நிமிஷங்களில் ரஸ்தாவோடு போய்விடும். எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் இதை வெகு அழகாகச் சொன்னார்: "ரத்தம் போனா மனுஷன் மயக்கம் போட்டு விழுவான், சார். பத்து நிமிஷம் கழிச்சாவது எழுப்பலாம். எஞ்சினுக்கு மயக்கமே கிடையாது. ஓடிக்கிட்டே இருக்கும், ஒரேயடியா இறுகிப் போயிடும்."

அபாயத்தை அறிவிக்க ஓட்டுகிறவரின் எதிரில் ஒரு சிவப்பு அடையாளம் இருக்கிறது. பார்ப்பதற்கு அலாவுதீனின் விளக்கைப் போல இருக்கும். ஆனால் இந்த விளக்கிலிருந்து வரும் பூதம் வரம் கொடுப்பதில்லை, பில் கொடுக்கிறது! அது ஓட்டத்தில் எரிந்தால், "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பர்லாங்கு தூரங்கூட ஓட்டக் கூடாது. உஷ்ணமானி சாதாரணமாக இருக்கிறதே என்று தைரியம் கொள்வதும் பிசகு. ஆயில் போன சங்கதி உஷ்ணமானிக்குத் தாமதமாகத்தான் எட்டும்.

வண்டியை நிறுத்திய இடத்தில் ஐந்து நிமிஷம் பொறுத்து, ஒரு பழைய பத்திரிகையை அடியில் விரித்துப் பாருங்கள். (இந்த வாரத்து இதழ் வேண்டாம்; படித்து முடித்த பழைய இதழே போதும்!) சொட்டுவது கறுப்பாகவோ தேன் நிறமாகவோ வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், அல்லது கியர் பாக்ஸ் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல இருந்து தித்திப்பு வாசனை வீசினால் ரேடியேட்டரின் கூலன்ட். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் போகும் குழாய் அடிபட்டிருக்கிறது; அந்த வண்டியை யாரும் ஓட்டலாகாது. பெட்ரோல் வாசனை வந்தால் எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீர் சொட்டினால், அது குளிர்சாதனத்திலிருந்து வழக்கமாக வருவதுதான், பிரயாணத்தைத் தொடரலாம்.

ஒன்றுமே சொட்டவில்லையானால்? அப்போதுங்கூட நிம்மதிக்கு இடமில்லை. சம்பின் அடித்தட்டுக்கு மிகச் சமீபத்தில், ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. தட்டு மேலே நசுங்கினால் அந்த வாய் அடைபடும். பாத்திரம் நிறைய ஆயில் இருந்தும் எஞ்சின் தாகத்தால் தவிக்கும்! சைலன்ஸர் குழாய் விரிசல் கண்டால் சப்தம் பெரிதாகும். விஷவாயு உள்ளே வரவும் கூடும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். இவையெல்லாம் மெதுவாகக் கொல்லும் வியாதிகள். ஆகவே அடி பலமாகப் பட்டிருந்தால், சொட்டாவிட்டாலும் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

இப்பொழுது மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றுக்குச் சம்ப் கிடையாது. ஆனால் அடிவயிறு முழுவதும் பாட்டரி பரவியிருக்கிறது. அங்கே அடிபட்டால் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் சோதிக்கும்வரை சார்ஜ் ஏற்றாமலிருப்பது உத்தமம். நசுங்கிய பாட்டரி சில மணி நேரம் கழித்துங்கூடத் தீப்பிடிக்கலாம்.

* * *

பழுது பார்க்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகட்டுச் சம்ப் நசுங்கினால் கழற்றித் தட்டி நிமிர்த்தலாம், கிழிசலைப் பற்றவைக்கலாம். அலுமினியச் சம்ப் நசுங்காது, வெடிக்கும். அதற்கு ஆர்கன் வெல்டிங் வேண்டும். விரிசல் பெரிதானால் புதிது மாற்றுவதே மேல். எம்-ஸீல் போன்ற பசைகள் முதலுதவி மாத்திரமே. ஆயில் ஈரத்தை நன்றாகத் துடைத்து, பூசி, காய்ந்து இறுகிய பிறகு, ஆயில் நிரப்பிப் பட்டறைவரை போய்ச் சேரலாம். அதை நம்பித் திருப்பதி யாத்திரை போகக் கூடாது. தொங்கும் சைலன்ஸரைக் கட்டுக் கம்பியால் கட்ட வேண்டும், கயிறு கருகிவிடும். பெட்ரோல் டாங்கில் சிறு கசிவு இருந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய டிரைவர்கள் அறிந்த வித்தை. ஆனால் அந்த டாங்கைக் கழற்றிக் கழுவாமல் வெல்டிங் வைக்க யாராவது முன்வந்தால், அந்தப் பட்டறையிலிருந்து உடனே வெளியேறிவிடுங்கள். காலி டாங்கில் நிற்கும் ஆவி வெடிகுண்டுக்குச் சமானம்.

இன்னொரு எச்சரிக்கை. ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு ஏற்பட்டது. மனித உயிரைத் தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். மூன்றாம் நபருக்கான பாலிஸி மட்டும் உள்ளவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்குக் காலணாவும் வராது. முழுப் பாலிஸி உள்ளவர்களும் அதன் நிபந்தனைகளை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளில் வகுத்த பொதுவான பாலிஸி, விபத்துக்குப் பின் பழுது நீக்காமல் ஓட்டினால் அதனால் அதிகமாகும் சேதம் முழுவதும் சொந்தக்காரர் தலையிலேயே விழும் என்று சொல்லுகிறது. கல் கிழித்த சம்புக்குப் பணம் கிடைக்கலாம். சம்ப் கிழிந்த பின் ஓட்டி இறுகிப்போன எஞ்சினுக்குக் கிடைப்பது துர்லபம். அந்த இரண்டு செலவுகளுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆகவே நிறுத்திய இடத்திலேயே கல்லையும் வண்டியையும் படம் பிடித்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

* * *

ஆனால் இவ்வளவும் வியாதிக்கு மருந்து. வியாதியே வராமல் தடுக்கும் மருந்து மிகவும் மலிவானது: கல்லை எடுத்துப் போடுவது! காருக்குப் பட்டால் பணம் போகிறது. அதே கல்லில், அதே இருட்டில், மோட்டார் சைக்கிளில் வருகிறவன் மோதினால் உயிர் போகிறது. பெண்சாதியைப் பின்னால் வைத்து, குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வருகிறவர்களை நாம் தினந்தோறும் பார்க்கிறோமல்லவா?

சட்டமும் உறங்கவில்லை. பொது வழியில் அபாயமோ தடையோ உண்டாக்குகிறவருக்கு 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 285-ஆவது பிரிவு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தேசீயப் பெருவழிகளில் தடை கிடந்தால் 1033 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த எந்தச் சர்க்காராலும் முடியாது.

நம் முன்னோர்களும் வழியில் கல் வைத்தவர்கள்தாம். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவன் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்பது நோக்கம். வைத்தவர் யார், இளைப்பாறுகிறவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. தெரியாதவனுக்காகச் செய்வதே தர்மம் என்று அவர்கள் எண்ணினார்கள். தெரியாதவன் முட்டிக்கொள்ளட்டும் என்று கல்லை விட்டுப் போகும் நாம், அந்தக் கல்லுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

லாரி உடையவர்களுக்கும் கார் உடையவர்களுக்கும் ஒரு விண்ணப்பத்துடன் முடிக்கிறேன். மரத்தில் இரண்டு ஆப்புக் கட்டைகள் செய்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றைக் கோத்து, முட்டுக் கொடுக்கும்போது அதன் மறு நுனியை வண்டியில் கட்டிவிடுங்கள். மறந்து கிளம்பினாலும் கட்டை பின்னாலேயே இழுபட்டு வந்து சப்தமிட்டு ஞாபகப்படுத்தும். கல்லுக்கு அந்த விசுவாசம் கிடையாது.